டவுட்டு மேஸ்திரி மாட்டிய புஷ்

ஓசூரில் கார் ரிப்பேர் ஷெட் வைத்திருந்த டவுட்டு மேஸ்திரி சந்தேகப்படாத பொருள் ஒன்று உண்டென்றால், அது அவருடைய சந்தேகம் மட்டும்தான். டீ வந்தால் முதல் வாய் கொண்டுவந்தவன் குடிக்க வேண்டும். கன்னடத்தில் திட்டுவார், தெலுங்கில் சலித்துக்கொள்வார், சந்தேகப்படுவது மட்டும் தமிழில்.

1950களில் மத்திகிரியில் ஒரு பண்ணை முதலாளியிடம் நான் டிரைவர். அவரிடம் இரண்டே பேர் உட்காரும் சீமை ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. பள்ளத்தில் இறங்கினால் பல் ஆடும். பெங்களூரிலிருந்து புது ஷாக் அப்சார்பரும், இரும்போடு இரும்பு உரசாமல் இடையில் செருகும் ரப்பர் புஷ்களும் வரவழைத்து, மாட்டிக்கொண்டு வா என்றார். புதுச் சாமானை விற்றுவிட்டான் என்று, வெறும் சந்தேகத்திலேயே முந்தைய டிரைவரை வேலையைவிட்டு நிறுத்தியவர் அவர். ஆகவே நான் ஈசுவரனை வேண்டிக்கொண்டு, யாராவது மாற்றினால் தெரியட்டும் என்று ஒவ்வொரு புஷ்ஷிலும் குங்குமப் பொட்டு வைத்து மேஸ்திரியின் ஷெட்டுக்கு எடுத்துப் போனேன்.

மேஸ்திரி ஒரு புஷ்ஷை முகர்ந்தார். கடித்தும் பார்த்தார்.

"ரப்பர்தானா இது? ஒன்ன எதிர் ஷெட்டுக்காரன் அனுப்பிச்சானா?"

பிறகு சோப்புத் தண்ணீரில் முக்கி உள்ளே தள்ளினார். குனிந்து தேடினேன்; என் அடையாளத்தைக் காணோம்.

"மேஸ்திரி, பொட்டு எங்கங்க?"

"புஷ்ஷுக்கு எதுக்குய்யா பொட்டு? கல்யாணமா?"

ஷாக்கையும் மாட்டி, தூக்கி நிறுத்திய வண்டியை, அடியில் நின்று வேலை பார்க்கும் குழிக்கு மேல் இறக்கினார். "ஏறி உக்காரு" என்றார்.

"எதுக்குங்க?"

"தொங்கற வண்டில போல்ட்ட முறுக்கினா, எறக்கறப்ப ரப்பர் திருகிக் கிழியும். ஆள் பாரத்தோடதான் முறுக்கணும்."

என்னை மேலே உட்கார வைத்துவிட்டு அடியில் சாமானை மாற்றப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். தலையைத் தொங்கவிட்டு எட்டிப் பார்த்தேன். குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பாரம் ஒரு பக்கமா சாயுது. நேரா உக்காரு. என்ன நம்பலியா?"

"நம்பறேங்க."

"பாத்த ஒடனே நம்பறியா? அப்ப நீ சரியான ஆள் இல்ல."

கிளம்பும்போது பக்கத்து சீட்டில் ஒரு சாக்கை வைத்தார். உள்ளே நைந்த பழைய புஷ்களும் எண்ணெய் ஒழுகிய பழைய ஷாக்குகளும் இருந்தன.

"ஒன் மொதலாளிய நான் நம்பல. புதுச மாட்டினியான்னு கேட்டா, இதக் கொட்டிக் காட்டு."

முதலாளி கேட்கத்தான் செய்தார். கொட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தவர், "காலைல பேரிகை வரைக்கும் போகணும், வண்டிய எடு" என்று உள்ளே போனார். என் வேலை தங்கியது.

மேஸ்திரியின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் எதற்கென்று சந்தேகப்பட்டிருப்பார். விளக்கேற்றிப் பிள்ளைகளுக்காக வேண்டும்போது, பெயர் சொல்லாமலே அவருக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.