இரண்டு நிப்பிள்களும் ஒரு அரசுத் தேர்வும்

குழந்தைகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. எனக்கென்று ஒரு குழந்தை பிறக்கும்வரை அது நீடித்தது.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் என் தொழில். குற்றாலத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மொட்டை போட்ட பிள்ளை, காது குத்திய பிள்ளை, அருவியில் குளித்து நடுங்கும் பிள்ளை என்று எத்தனையோ பேரைக் கிலுகிலுப்பை ஆட்டிச் சிரிக்கவைத்திருக்கிறேன். "உங்ககிட்ட வந்தாலே பிள்ளைங்க அழுகைய நிறுத்திருதே" என்று தாய்மார்கள் சொல்வார்கள். (படம் நன்றாக வரவேண்டும் என்பதற்காகச் சொல்லியிருப்பார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.)

என் மகள் யாழினிக்கு அப்போது நான்கு மாதம். வீட்டிலிருந்து அருவி கூப்பிடு தூரம். சீசன் தொடங்கிவிட்டால் தண்ணீர் விழும் ஓசை நாள் முழுக்கச் சுவருக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கும். அதைக் கேட்டபடி அவள் நன்றாகத் தூங்குவாள். அந்தச் சத்தம் இல்லாத இடத்துக்குப் போனால் மட்டும் வாயில் ஏதாவது வேண்டும். அதற்காக டாக்டரைக் கேட்டுக்கொண்டு நிப்பிள் வாங்கினோம். பால் எதுவும் வராத, சும்மா சப்புவதற்கான ரப்பர் நிப்பிள். சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று.

சிக்கல் என்னவென்றால், அது அவள் வாயில் நிற்காது. வைத்தால் இரண்டு சப்பு சப்புவாள். மூன்றாவது சப்பில் நாக்கால் ஒரு தள்ளு; வெளியே வந்து விழும். விழுந்ததும், யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல என்னைப் பார்த்து அழுவாள்.

இந்த நிலையில்தான் என் மனைவி கோமதிக்குக் குரூப் ஃபோர் தேர்வு வந்தது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடம்தான் மையம். முந்தின தடவை கொஞ்சத்தில் தவறிப்போயிருந்தது. இந்தத் தடவை நிறைமாத வயிற்றின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்திருந்தாள். பிரசவத்துக்குப் போகும்போது ஆஸ்பத்திரிப் பையில் பிள்ளைத் துணிகளுக்கு அடியில் பழைய வினாத்தாள்கள் இருந்தன. என் மாமியார் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். ஆக, மூன்று மணி நேரம் பிள்ளை என் பொறுப்பு.

வாசலில் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் கோமதி சொன்னாள்: "நல்லா கேட்டுக்கிடுங்க. பசி தாங்கிருவா. தூக்கத்துக்குத்தான் அழுவா. அவ அழுத சத்தம் கேட்டுச்சுன்னா என்னால உக்காந்து எழுத முடியாது. பாதியில எந்திரிச்சு வந்துருவேன்."

"நீ கவலப்படாத. நான் எத்தன பிள்ளைங்கள பாத்திருக்கேன்!"

"அதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல அவுங்க அம்மா வந்து தூக்கிட்டுப் போன பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாடியில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒருமுறை எட்டிப் பார்த்தாள். நான் வெற்றி வீரனைப்போலக் கையை ஆட்டினேன்.

சாரல் தூற ஆரம்பித்தது. கேட்டில் காவலுக்கு இருந்த பெண் போலீஸுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். இசக்கியம்மா என்று பெயர். என்னைப் பார்த்து, "பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு அண்ணாச்சி நனையுதிய? உள்ள போயி அந்த மேடையில உக்காருங்க. சத்தம் மட்டும் வரக்கூடாது" என்றார்.

ஆண்டு விழா நடக்கும் மேடை அது. மேலே தகரக் கூரை, எதிரே மைதானம், மைதானத்துக்கு அப்பால் தேர்வு நடக்கும் கட்டடம். மாடியிலிருந்து பார்த்தால் நான் நாடகத்தில் நடிப்பவனைப்போலத் தெரிவேன் என்பது அப்போது தோன்றவில்லை.

யாழினி முகத்தைச் சுருக்கினாள். சிவப்பு நிப்பிளை வைத்தேன். துப்பினாள். வைத்தேன். துப்பினாள். தரையில் விழாமலிருக்க அதை ஒரு கிளிப்பால் அவள் சட்டையில் மாட்டியிருந்தேன். (ஸ்டூடியோ திரையை மாட்டும் கிளிப். எனக்கு அன்றைக்கு வேலை செய்த ஒரே யோசனை அதுதான்.) காதருகே அருவிச் சத்தம் போட்டுப் பார்த்தேன். "உஷ்ஷ்ஷ்" என்று நான் மூச்சு முட்ட இரைந்தேன். அவள் முகத்தில் எச்சில் தெறித்ததுதான் மிச்சம். கடைசியில் நிப்பிளைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. முதல் அழுகை கிளம்பியது. மாடி ஜன்னலில் ஒரு தலை திரும்பியதுபோல இருந்தது.

இசக்கியம்மா ஓடி வந்தார். "அமுக்காதிய அண்ணாச்சி! அமுக்குனா துப்பத்தான் செய்யும். வாயில வச்சிட்டு லேசா வெளிய இழுங்க."

"இழுத்தா வந்துராதா மேடம்?"

"இழுத்துப் பாருங்களேன்."

இழுத்தேன். யாழினி கண்ணைத் திறந்தாள். தனக்குச் சொந்தமானதை ஒருவன் பறிக்கப் பார்க்கிறான் என்று புரிந்தது போலிருக்கிறது. விடாமல் கவ்விச் சப்பினாள். கொடுத்தால் வேண்டாம், பிடுங்கினால் வேண்டும். (அவள் அம்மாவின் குணம். இதை நான் எங்கும் சொன்னதில்லை.)

"எனக்கு வீட்டுல ரெண்டு இருக்கு. ரெண்டும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு இசக்கியம்மா கேட்டுக்குப் போனார்.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் என் தொழில் மூளை சும்மா இருக்கவில்லை. குழந்தைகள் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் செய்யும் என்பது ஸ்டூடியோவில் நான் கண்ட உண்மை. பச்சை நிப்பிளை எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டேன். "பாத்தியா, அப்பா எப்படிச் சப்புதேன்" என்று காட்டினேன். அவள் என் மீசையையும் அதன் கீழே இருந்த பச்சை வளையத்தையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னோடு சேர்ந்து சப்ப ஆரம்பித்தாள். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். எனவே நான் நிறுத்தவில்லை.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மலை பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது. மேகம் இறங்கி இறங்கிப் பள்ளிக்கூட மதில்வரை வந்துவிட்டதுபோல இருந்தது. வெயிலும் சாரலும் ஒன்றாக மைதானத்தின்மேல் நகர்ந்தன. தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம், எங்கள் வீட்டுச் சுவருக்குப் பின்னால் கேட்பதுபோலவே கேட்டது. மடியில் பிள்ளையின் சூடு. அவள் ஒரு சப்பு, நான் ஒரு சப்பு. நான்கு மாதமாகச் சரியாகத் தூங்காதவன் நான். ரப்பரில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை.

கனவில் அருவி கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. குளிக்க வந்தவர்கள் எல்லோர் வாயிலும் நிப்பிள். ஒருவரும் முண்டியடிக்கவில்லை. வரிசையில் நின்று, சப்பிக்கொண்டே ஒவ்வொருவராக மேலே மிதந்து போனார்கள். என் முறை வந்தது. கால் தரையிலிருந்து கிளம்பியது. குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டது.

விழித்தேன். காற்றில் திரும்பிய சாரல்தான் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

மடியில் பிள்ளை இல்லை.

மேடையில் தேடினேன், மேடைக்குக் கீழே தேடினேன். கேட்டைப் பார்த்தேன், இசக்கியம்மாவும் இல்லை. "என் பிள்ளையக் காணும்!" என்று கத்தினேன். வாயில் நிப்பிள் இருந்ததால் அது மாடு முனகுவதுபோல வெளியே வந்தது. அதைத் துப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மேடையிலிருந்து குதித்தேன். மைதானத்து ஈர மண் வாரிவிட்டது; முழங்கால்வரை, முழங்கைவரை சேறு. எழுந்து ஓடினேன். பாதி மைதானம் தாண்டிய பிறகுதான் நிப்பிள் கீழே விழுந்தது. அப்போது என் முழுக் குரலும் கிளம்பியது.

"யாழீ! ஏட்டி யாழீ!"

மாடி ஜன்னல்கள் முழுக்கத் தலைகள்.

மாடிப்படிக்குக் கீழே, தூறல் படாத இடத்தில் இசக்கியம்மா நின்றுகொண்டிருந்தார். தோளில் யாழினி. வாயில் சிவப்பு நிப்பிள் அழகாக நிற்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இசக்கியம்மா உதட்டில் விரல் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "கத்தாதிய அண்ணாச்சி! நீங்க விட்ட குறட்டையில பிள்ள முழிச்சிட்டு. உங்கள எழுப்புனேன், கேக்கல. அதான் இங்கன தூக்கிட்டு வந்தேன்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை கிடைத்த நிம்மதியில் அழுகை வந்தது. அது அடங்குவதற்குள் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. கோமதி இதோ இறங்கி வரப்போகிறாள். இத்தனை நாள் படிப்பும் என்னால் போயிற்று. படிகளில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

மணி அடித்து எல்லோரும் வந்த பிறகு அவளும் வந்தாள். பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் காதுல விழலயா?" என்றேன்.

"தென்காசி பூரா விழுந்திருக்கும். எட்டிப் பாத்தேன். பிள்ளையப் போலீஸ் தூக்கிட்டு வந்தத முன்னமே பாத்துட்டேன். நீங்க சேத்துல கெடக்கிய. எனக்கு ஏழு கேள்வி பாக்கி."

"அதுக்கு?"

"உக்காந்து எழுதுனேன். ஹால் சார் வந்து, 'யாரும்மா அது, கூட வந்தவரா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

கோமதி பிள்ளையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "தெரியாது சார்னு சொன்னேன்."

அந்த ஏழு கேள்விகளில் ஆறு சரி என்று பிறகு விடைக் குறிப்பைப் பார்த்துச் சொன்னாள். இன்றைக்கு அவள் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். ஒருமுறை சான்றிதழ் ஒன்றுக்காக அங்கே போயிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் "மேடம், இவரு யாரு?" என்று கேட்டார். அவள் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் "தெரியாது சார்" என்றாள். அலுவலகமே சிரித்தது. அப்போதுதான் தெரிந்தது, என் கதை எனக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டது என்று.

வீட்டிலும் அப்படித்தான். நான் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனால், கல்யாண வீட்டில் மூன்றாவது தடவை பாயசம் கேட்டால், என் மாமியார்கூட "தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

யாழினி இப்போது யு.கே.ஜி. போகிறாள். போன மாதம் அவளை வகுப்பில் விட்டுவிட்டு, ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்திருந்த டீச்சர், "யாரும்மா அது, உங்க அப்பாவா?" என்று கேட்டார். யாழினி என்னை நன்றாக ஒருமுறை பார்த்தாள்.

"தெரியாது மிஸ்" என்றாள்.

தான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கோமதி இன்றுவரை சத்தியம் செய்கிறாள்.