டிக் விழாத கப்பல்

கடலைக் கண்ணால் பார்க்காமலேயே ஒரு கப்பலுக்கு முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்தார். ஒகேனக்கலுக்கு மூன்று முறை போய், மூன்று முறையும் பரிசலில் கால் வைக்காமல் திரும்பியவர். ஆனாலும் ஊரில் அவருக்குப் பெயர் கப்பல்காரர்.

அதற்கு முன்பு அவர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். சித்தேரி மலைக்கு பஸ் ஏறிய நேரத்தை நோட்டில் எழுதுவார். அது கீழே இறங்கி வந்தால்தான் டிக் போடுவார். ஒருமுறை மழையில் பஸ் மலையிலேயே நின்றுவிட்டது. மறுநாள் அது வந்து சேரும்வரை மனிதர் சாப்பிடவில்லை. "டிக் போடாம எப்படிங்க சோறு எறங்கும்?" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு டிக் போட எதுவும் இல்லாமல் தவித்தார். அந்தச் சமயம் பார்த்து ஜெராக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் எதையோ தேட, ஒரு பழைய பட்டியல் வந்து விழுந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காக, சென்னையிலிருந்து நீராவிக் கப்பலில் போனவர்களின் பட்டியல். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், ஊர், உடம்பில் உள்ள தழும்பு, நெருங்கிய உறவினர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. வேடிக்கைக்காக அதை இவருக்கு அச்சடித்துக் கொடுத்தார். முப்பத்தெட்டுத் தாள். கப்பலின் பெயர் இருந்த மூலை மட்டும் அச்சில் விழவில்லை.

"ஏறுனதுக்கு ரெக்கார்டு இருக்கு வாத்தியாரே. ஊரு திரும்புனதுக்கு இல்ல. இதுக்கு யாருங்க டிக் போடறது?" என்று என்னிடம் வந்து நின்றார்.

வாத்தியார் என்றது என்னை. முப்பத்துநான்கு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன். என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி. வீட்டில் ஆறு அறை. மனைவி போன பிறகு ஆள் ஒன்று. பிள்ளைகள் பூஜ்யம். ஆகவே தினமும் நானூற்றுப் பன்னிரண்டு அடி நடந்து அவர் பக்கத்தில் போய் உட்காருவேன். அவருக்கும் யாருமில்லை. சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓர் அறை, அவ்வளவுதான்.

நான்தான் எண்ணிச் சொன்னேன். அன்றைய சேலம் ஜில்லாக்காரர்கள், அதாவது நம் பக்கத்து ஆட்கள், அறுபத்து மூன்று பேர். அதில் பதினேழு பேருக்கு உறவினர் கட்டத்தில் 'யாருமில்லை' என்று எழுதியிருந்தது. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"வழியனுப்ப ஆளில்லாம பதினேழு பேரா!" என்று எழுந்து நின்றுவிட்டார். மறுநாளே அளவு நாடாவுடன் சொந்தம் தேடக் கிளம்பினார். உயரம் ஒத்துப்போனால் உறவு என்பது அவர் சித்தாந்தம். டீ மாஸ்டர் ஐந்தடி நாலங்குலம். பட்டியலில் முனியனும் அதே.

"முனியனுக்கு எடது மொழங்கால்ல தழும்பு. வேட்டியக் கொஞ்சம் தூக்குப்பா."

"வியாபார நேரங்க! எழுதித் தொலைங்க, நான் சொந்தந்தான்!"

பூக்கார அம்மா மட்டும் கறாராக விசாரித்தார். "இருக்கற சொந்தமே தாங்கல. இவன் பொங்கச் சீரு கேப்பானா?"

"மாட்டான்மா. செத்தே நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அப்ப எழுதிக்குங்க. நல்ல சொந்தம்."

சித்தேரி பஸ் கண்டக்டர், மாமன் முறை வேண்டாம், சித்தப்பா முறை என்றால் சம்மதம் என்றார். இப்படிப் பதினாறு கட்டங்களில் 'யாருமில்லை' அடிக்கப்பட்டு, ஊர்க்காரர்களின் பெயர் ஏறியது.

பதினேழாவது கட்டத்தை எனக்கென்று வைத்திருந்தார். பொன்னி, வயது இருபத்திரண்டு, நாலடி பதினொரு அங்குலம், வலது கையில் தீப்பட்ட தழும்பு. "உங்களுக்குத் தங்கச்சி முறைங்க."

"ஆவணத்தில் பொய் எழுத மாட்டேன்" என்றேன்.

"ஜெராக்ஸ்தானுங்களே!"

"நகலானாலும் ஆவணம்."

பதினோரு மாதம் தினமும் கேட்டார். தினமும் மறுத்தேன். "உம்மைவிட நாலு மாசம் மூத்தவன் நான், என்னிடம் பிடிவாதம் பிடிக்காதீர்" என்பேன். "நாலு மாசமெல்லாம் ஒரு மூப்பாங்க?" என்பார். அந்தப் பெண்ணுக்கு ஆளே கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே இருந்தது.

ஒரு மதியம் பெஞ்சிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸில் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நர்ஸ் பேனாவும் படிவமுமாக நின்றார்.

"பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணுங்க?"

பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவன் என்று சொல்லலாம். அப்படி ஒரு உறவுமுறை எந்தப் படிவத்திலும் இல்லை. நான் பேசாமல் நின்றால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைப் பதினேழு முறை எண்ணியவன் நான்.

"அண்ணன்" என்றேன்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "நாலு மாசந்தாங்க மூப்பு. பரவால்ல, எழுதிக்குங்க."

மூன்று நாள் இருந்தார். நான்காம் நாள் காலையில், அண்ணன் என்று எழுதியிருந்ததால், அவருடைய மஞ்சள் பையை என்னிடம்தான் கொடுத்தார்கள். உள்ளே ஒரு கண்ணாடி, அளவு நாடா, முப்பத்தெட்டுத் தாள். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, பொன்னிக்கு நேராக இருந்த 'யாருமில்லை'யை அடித்துவிட்டு, அழிக்க முடியாத பேனாவால் என் பெயரை எழுதினேன். கீழே ஒரு வரி கூடுதலாகப் போட்டு, கப்பல்காரர் பெயரையும் சேர்த்தேன். உயரத்தை மட்டும் குத்துமதிப்பாகத்தான் எழுத முடிந்தது. ஊரையெல்லாம் அளந்தவரை ஒருவரும் அளந்து வைக்கவில்லை.

ஆக, சொந்தம் என்று எண்ணினால் இப்போது எனக்கு இரண்டு பேர். ஒரு தங்கச்சி, ஒரு தம்பி. இருவர் பெயருக்கு எதிரிலும் நான் இன்னும் டிக் போடவில்லை.