கடைசிப் பக்கத்து அப்பா

"சிமிலின்னா என்ன?" என்று கேட்டார் லிஃப்ட் மெக்கானிக்.

"ஒண்ணை இன்னொண்ணு மாதிரி இருக்குன்னு சொல்றது. அடுத்தது கேளுங்கப்பா," என்றாள் மகள், தலையைத் துவட்டிக்கொண்டே.

மறுநாள் ஆங்கிலப் பரீட்சை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. கேள்வி கேட்கும் வேலை இவர் தலையில் விழுந்துவிட்டது. மெட்டஃபர், ஹைபர்போலி, ஐரனி என்று மற்ற அணிகளையும் நாக்கு சுளுக்கிக்கொள்ளக் கேட்டார். அவள் பட்பட்டென்று சொன்னாள்.

"கட்டுரை?"

"அது ரெடிப்பா. நான் போய் டீ போட்டுட்டு வரேன்."

அவள் போனதும் கை சும்மா இருக்குமா? நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். 'என் அப்பா' என்று ஆங்கிலத்தில் தலைப்பு. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'என் அப்பா ஒரு பூட்டிய கதவு. கல்லைப் போலப் பேசாமல் இருப்பார். ஆயிரம் வருடமாகக் கையில் போனை வைத்திருக்கிறார். என் மார்க்கெல்லாம் அவருக்குத் தெரியும். என் தோழியின் பெயர் தெரியாது.'

எந்த வரி மெட்டஃபர், எந்த வரி ஐரனி என்று சிவப்பு மையில் அம்புக்குறி வேறு! இந்தப் பெண்ணுக்காகத்தானே நாள் பூராவும் ஊரிலுள்ள லிஃப்டுகளோடு மல்லுக்கட்டுகிறார்? சரி, தோழியின் பெயர் என்ன? மண்டையைக் குடைந்து பார்த்தார். வரவே இல்லை.

பழுது என்று தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை அவர். படித்ததைப் பற்றி மகளிடம் மூச்சு விடாமல், முதலில் போனை அணைத்து அலமாரிக்குள் வைத்தார். பிறகு அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேச ஆரம்பித்தார். பேசிப் பழக்கமில்லையா, லிஃப்டைத் தவிர வேறு விஷயம் கிடைக்கவில்லை.

"அப்பா, நான் படிக்கணும்."

"நீ பாட்டுக்குப் படிம்மா. நான் பாட்டுக்குப் பேசறேன்."

அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் வாசலில் வந்து குதித்தார். "யோவ், போன் என்னய்யா ஆச்சு? விவாகரத்து கேட்டு வந்த புருஷனும் பொண்டாட்டியும் வக்கீல் ஆபீஸ் லிஃப்டுல மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க! ரெண்டே பேரு!"

ஓடிப்போய் அவர்களை விடுவித்தார். சூப்பர்வைசர் வழியெல்லாம் திட்டினார். இவர் காதில் ஏறவில்லை. மனசெல்லாம் அந்தத் தோழி. மாடி வீட்டு அக்காவிடம் விசாரித்து, தோழியின் வீட்டைக் கண்டுபிடித்து, கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மகள் அவரைச் சமையலறைக்குள் இழுத்தாள். "ஐயோ அப்பா! அவளும் நானும் பேசி ஒரு மாசமாச்சு!"

இரண்டு பெண்களும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். அடுத்த ஒரு மணி நேரம் அழுதார்கள். அப்புறம் ராசியாகிவிட்டார்கள், அதுதான் வினை. ஒரு மாதப் பாக்கியை எல்லாம் பேசித் தீர்த்துத் தோழி கிளம்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. நோட்டு திறந்தபடியே கிடந்தது.

"உங்களுக்கு இன்னிக்கு என்னப்பா ஆச்சு?" மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "எப்பவும் போல கொஞ்சம் பேசாம இருங்களேன்!"

எப்பவும் போல! அவர் வாயை மூடிக்கொண்டார்.

விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். அந்தக் கட்டுரையை அவள் பரீட்சையில் எழுதினால் முகம் தெரியாத யாரோ படித்துச் சிரிப்பார்கள். அதுகூடப் போகட்டும். பெண்ணின் மனசில் தான் பூட்டிய கதவாகவே நின்றுவிடக் கூடாது. டீச்சரிடம் கேட்டால் ஏதாவது வழி சொல்ல மாட்டார்களா?

மகளைப் பரீட்சை ஹாலில் விட்டுவிட்டு டீச்சர்கள் அறையைத் தேடிப் போனார். வராந்தாவில் நீள பெஞ்சு. அதில் ஆண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவோரம் பியூன் நின்றிருந்தார்.

"இங்கிலீஷ் டீச்சரைப் பார்க்கணுங்க. என் பொண்ணு என்னைப் பத்தி ஒரு கட்டுரை…"

பியூன் பெஞ்சின் கடைசியைக் காட்டினார். "பூட்டிய கதவுதானே? அது டீச்சர் போர்டுல எழுதிப்போட்டு நாப்பது பிள்ளைங்களும் பார்த்து எழுதின மாதிரிக் கட்டுரை சார். வந்ததிலிருந்து சொல்லிட்டிருக்கேன், இந்தப் பதினேழு அப்பாவுல ஒருத்தர்கூட எந்திரிச்சுப் போக மாட்டேங்கறாரு!"