இடைவேளையாரும் வராத ரயிலும்

தமிழ்நாட்டிலேயே அதிகமான சினிமாப் படங்களைப் பார்த்தவர் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் இடைவேளையார் என்பேன். ஒரே ஒரு சின்னத் திருத்தம். எல்லாப் படத்திலும் அவர் முன்பாதி மட்டும்தான் பார்த்திருக்கிறார். பின்பாதி என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டதோடு சரி.

கோயமுத்தூரின் கணபதிப் பகுதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரு தியேட்டரில் கேன்டீன் நடத்தியவர் அவர். அவருடைய நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. கட்டம் போட்ட லுங்கி, பாக்கெட் வைத்த பனியன், தோளில் ஒரு துண்டு. படம் தொடங்கியதும் கடலை மாவைக் கரைத்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று திரையைப் பார்ப்பார். எண்ணெய் காயும் வாசனை வந்ததும் அடுப்புக்குப் போவார். முதல் ஈடு மிளகாய் பஜ்ஜி வெந்ததும் சுவரில் இருக்கும் பெல்லை ஓர் அமுக்கு. மேலே ஆபரேட்டர் ரூமில் இருந்தவர் அவருடைய மச்சினன் மணி. பெல் சத்தம் கேட்டால் போதும், திரையில் எது நடந்துகொண்டிருந்தாலும் நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுவார். கதாநாயகன் வில்லன்மேல் ஓங்கிய கை கீழே இறங்க வேண்டுமென்றால், நாங்கள் பஜ்ஜி தின்று டீயும் குடித்து முடிக்க வேண்டும்.

இடைவேளைக்குப் பிறகு அவருக்குக் கிளாஸ் கழுவும் வேலை. அது முடிந்தால் அடுத்த ஆட்டத்துக்கு வாழைக்காய் சீவும் வேலை. பின்பாதி பார்க்க முடியவில்லையே என்று அவர் வருந்தியதே இல்லை.

"பாதிக்கு மேல எதுக்குங்க பாக்கோணும்? எல்லாந் தெரிஞ்சதுதானுங்களே!"

பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்து நீட்டும்போதே பின்பாதியையும் சேர்த்துத் தந்துவிடுவார். "அந்தப் போலீஸ்காரன் இருக்கறானல்லங்க, அவன்தான் காணாமப் போன தம்பி. தங்கச்சி கல்யாணத்துல மச்சத்தப் பாத்துக் கண்டுபுடிப்பாங்க. அண்ணன் மேல குண்டு பாயும், ஆனா தோள்லதானுங்க படும்."

"அண்ணா, கம்முனு இருங்கண்ணா! இன்னும் பாதிப் படம் இருக்குதுங்க!" என்று பட்டறைக்காரர் ஒருவர் காதைப் பொத்துவார்.

"இருக்கட்டுங்க கண்ணு, போய்ப் பாருங்க. குண்டு தோள்லதான்."

குண்டு தோளில்தான் படும். ஒருமுறை, அம்மா பிழைத்துவிடுவாள் என்று இவர் சொல்லியிருக்க, பின்பாதியில் அவள் செத்தே போனாள். இடைவேளையார் தோற்றார் என்று இரண்டு பேர் உற்சாகமாகக் கேன்டீனுக்கு ஓடினார்கள். அவர் கழுவிய கிளாஸைக் கவிழ்த்து வைத்தபடி, "உள்ள போங்க, அந்தம்மா இந்நேரத்துக்கு எந்திரிச்சிருக்கும்" என்றார். திரும்பி ஓடிப் பார்த்தால் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் பம்ப் செட் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். நல்ல சினிமா என்றால் என்னவென்று கோயமுத்தூருக்கே எடுத்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற இன்னும் நாற்பது பொறுப்பாளிகள் சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கம் வைத்திருந்தோம். தலைவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்தத் தியேட்டர் எங்களுக்குக் கிடைத்தது.

எங்கள் படங்களில் பாட்டு இருக்காது, சண்டை இருக்காது, பல சமயம் பேச்சே இருக்காது. ஒரு பெண் பாத்திரம் கழுவ உட்கார்ந்தால் கடைசிக் கரண்டிவரை கழுவி முடிக்கும்வரை கேமரா அசையாது. நாங்கள் மூச்சுவிடாமல் பார்ப்போம். கதவோரத்திலிருந்து ஒரு குரல் வரும். "அந்தம்மா குண்டாவுக்கு அடி வெளக்கவே இல்லீங்க. டைரக்டரு கவனிக்கலையாட்ட இருக்குது."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். பெல்லைத்தான் பொறுக்க முடியவில்லை. கிழவர் ஒருவர் பத்து நிமிஷமாக ஜன்னலைப் பார்த்து அழத் தயாராகிக்கொண்டிருக்கும்போது பஜ்ஜி வெந்துவிடும். டிர்ர்ர்! விளக்கு எரியும். ஒரு ஞாயிறு பேராசிரியர் கேன்டீனுக்கே வந்துவிட்டார்.

"கலைப்படத்துக்கு இடைவேளை கிடையாதுங்க. பாதியில நிறுத்தறது பாவமுங்க."

"படத்துக்கு வேண்டாமுங்க சார். பாக்கறவங்களுக்கு வேணுமல்லங்க?"

"இதெல்லாம் நீங்க பாக்கற மசாலாப் படம் இல்லீங்க. அடுத்து என்ன வரும்னு யாராலயும் சொல்ல முடியாது."

இடைவேளையாரின் கரண்டி எண்ணெயிலேயே நின்றது. அத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "என்னாலயுமுங்களா?" என்றார்.

பஜ்ஜிச் சட்டிக்கு முன்னால் பந்தயம் உறுதியானது. வரும் ஞாயிறு படத்தை வழக்கம்போலப் பாதியில் நிறுத்துவார். பின்பாதியை எல்லார் முன்னிலையிலும் சொல்வார். சொன்னது நடந்தால் எங்கள் படங்களுக்கு என்றென்றைக்கும் இடைவேளை உண்டு. நடக்காவிட்டால் எங்கள் படம் ஓடும்போது அவர் பெல்லைத் தொடவே கூடாது.

அந்த ஞாயிறு சங்கத்து நாற்பது பேரோடு பட்டறைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து மாநிலத்துப் படம். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு ரயில்வே கேட். அதற்கு ஒரு வயசான கேட் கீப்பர். அன்றோடு அவருக்கு ஓய்வு. கேட்டை மூடுவார், ரயில் போகும், திறப்பார். முன்பாதி முழுக்க அவ்வளவுதான். மிளகாய் வெந்தது, பெல் அடித்தது. இடைவேளையார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கடைசியா ஒரு ரயிலு வருமுங்க. தண்டவாளத்துல வெடி வெச்சிருப்பாங்க. நம்ம பெரியவரு கைய அறுத்து, ரத்தத்துல துணிய நனைச்சு, செகப்புக் கொடியாட்டம் ஆட்டி ரயில நிறுத்திப்போடுவாருங்க. ரயிலுக்குள்ள யாரு? சின்ன வயசுல ஓடிப்போன அவரு பையன், கலெக்டரா வாரானுங்க!"

விசில் காதைக் கிழித்தது. பேராசிரியரே ஒரு கணம் பயந்துபோனதை நான் பார்த்தேன்.

சொன்னது சரியா என்று பார்க்க, வாழ்க்கையில் முதல்முறையாக இடைவேளையார் பின்பாதிக்கு உள்ளே வந்தார். மிஞ்சிய பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்தபடி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டார். பின்பாதியில் கேட் கீப்பர் கடைசித் தடவையாகக் கேட்டைப் போட்டார். இந்தப் பக்கம் கன்றுக்குட்டியோடு ஒருவன். அந்தப் பக்கம் காய்ச்சல் கண்ட குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண். எல்லோரும் காத்து நின்றார்கள். பெரியவர் பச்சைக் கொடியைப் பிடித்துத் தண்டவாளத்தின் கோடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரை இருண்டது. விளக்கு எரிந்தது.

"ஏ மணி மாப்ள!" என்று இடைவேளையார் மேலே பார்த்துக் கத்தினார். "ஒரு ரீல் பொட்டிய ஓட்டாம உட்டுப்போட்டியாட்ட இருக்குது, பாரு!"

ஆபரேட்டர் ரூம் ஓட்டையில் மணியின் முகம் தெரிந்தது. "அவ்வளவுதானுங்க மாமா. பொட்டி தீந்துபோச்சுங்க."

பேராசிரியர் வெற்றிப் புன்னகையோடு போய் அவருக்கு விளக்கினார். ரயில் என்பது காலம், கேட் என்பது மனிதன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தடை என்று இருபது நிமிஷம் பேசினார். இடைவேளையார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாஞ் செரிங்க சார். ரயிலு வந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"அது நமக்குத் தெரியாதுங்க."

"அந்தம்மா கைல புள்ளை இருந்துச்சுங்களே. காச்சலுங்க அதுக்கு. கேட்டத் தொறக்காம எப்புடி டாக்டருகிட்டப் போவும்?"

அன்று எங்களில் ஒருவருக்கும் அந்தக் குழந்தை நினைவில் தங்கியிருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பந்தயத்தில் தோற்றவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எங்கள் படங்களுக்கு அதன்பிறகு பெல் அடிக்கவில்லை. முதல் வாரம் ஆனந்தமாக இருந்தது. இரண்டாவது வாரம் கூட்டம் குறைந்தது. மூன்றாவது வாரம்தான் எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் மிளகாய் பஜ்ஜிக்காக உறுப்பினர் ஆனவர்கள் என்பது தெரிய வந்தது. கடைசியில் பேராசிரியரே கேன்டீன் பக்கம் ஒதுங்கி, "ஒரு அஞ்சே நிமிஷம் விட்டா என்னங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வாக்கு வாக்குதானுங்க சார்" என்றார் இடைவேளையார். ஞாயிறு காலையில் அடுப்பே பற்றவைப்பதில்லை. கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்து, படத்தை முழுசாகப் பார்த்தார்.

அதைவிடப் பெரிய மாற்றம் மற்ற நாட்களில் நடந்தது. வழக்கமான படங்களுக்குப் பெல் அடித்தார், பஜ்ஜியும் கொடுத்தார். பின்பாதியை மட்டும் சொல்வதை விட்டுவிட்டார். "அப்பறம் என்னாகுமுங்கண்ணா?" என்று பட்டறைக்காரர்கள் கெஞ்சினாலும், "தெரியலீங்க கண்ணு, உள்ள போய்ப் பாருங்க" என்பார். என்னைத் தனியாகப் பார்க்கும்போது மட்டும் ஒரே கேள்வி. "அந்த ரயிலப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

இரண்டு வருஷம் கழித்து எனக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆவாரம்பாளையம் பக்கம் ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நின்றேன். பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கேரியரில் வாழைக்காய்த் தார். இடைவேளையார்! நாளைக்குப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெண் தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் ரயில் வரவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியது. பிறகு தூரத்தில் ஊதல் கேட்டது. நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று சாவகாசமாகக் கடந்து போனது. கேட் திறந்தது. அந்தப் பெண் தண்டவாளத்தைத் தாண்டி எங்களைக் கடந்து சந்துக்குள் போய் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

"வந்துருச்சுங்க" என்றார், கண்ணைத் துண்டால் ஒற்றியபடி. "இப்பத்தானுங்க அந்தப் படம் முடிஞ்சுது."

அது வேறு கேட், வேறு ரயில் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் எந்த ஊரில் ரயில்வே கேட் போட்டிருந்தாலும், வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் அவர் நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.