பிந்திச் சிறகு முளைத்தவர்

பிந்திச் சிறகு முளைத்தோர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அறுபது வயதுவரை ஏணியில் ஏறவே ஆள் பிடிக்கச் சொன்னவர்கள், ஓய்வூதியம் கைக்கு வந்த மறுநாளே மலை ஏறுவார்கள், கடலுக்கடியில் மூழ்குவார்கள், சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்ட கையோடு வானத்துக்கும் கிளம்புவார்கள். நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அதைப் பார்க்க ஆள் வேண்டுமாம். அங்கேதான் வில்லங்கம்.

முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, சண்டை முற்றுவதற்கு முன்பே கனடாவுக்குப் போய், கிழப்பருவத்தில் பரா மோட்டார் பழகிய அருளப்பு இந்த இனத்தின் அசல் மாதிரி. முதுகில் ஓர் எஞ்சின், அதற்குப் பின்னால் ஒரு விசிறி, தலைக்கு மேலே துணிச்சிறகு. ஓடி எழும்பிப் பறக்க வேண்டியதுதான். பழகிய நாள்தொட்டு அவருக்கு வேறு கதை இல்லை. கலியாண வீட்டில் சோற்றுக் கோப்பையோடு நிற்பவரை மறித்துக் காற்றைப் பற்றி விளக்குவார். கோயில் கொடியேற்றத்தில் எல்லோரும் கொடியிலிருக்கும் அந்தோனியாரைக் கும்பிட, இவர் கொடி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டே, "வயசெண்டது சும்மா ஒரு இலக்கம்" என்பார். யாராவது கேட்டார்களா?

கேட்க வேண்டியவர் ஒருவர்தான்: அக்கா மார்கிறட். எந்தச் சண்டையிலும் ஊர்ப்பக்கத்தை விட்டுப் போகாதவர். வள்ளத்தில் ஏறினாலே வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்த தம்பிக்குக் 'கடலுக்கு ஏலாதவன்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தப் பெயரை அழிக்கத்தான் மனுசன் எஞ்சினைக் காவிக்கொண்டு கனடாவிலிருந்து ஊருக்கு வந்தது. அக்காவின் வாயால் ஒருமுறை 'கெட்டிக்காரன்' என்று கேட்டால் போதும்.

"பட்டம் மாதிரி மெல்லமாப் போகுமக்கா" என்று கைப்பேசியில் படங்களைக் காட்டினார். படத்துக்குச் சத்தம் ஏது?

"விழுந்து கிழுந்து துலைஞ்சிடாத" என்றார் அக்கா.

அனுமதிக்கு அலைந்த கதையை விடுவோம். ஒரு விடியற்காலை காற்று வாய்த்தது. அக்காவுக்குச் சொல்லாமலே கடற்கரைக்குப் போனார், திடுக்கிட வைக்கவாம். முதல் ஓட்டத்தில் முழங்காலில் விழுந்தார். அடுத்ததில் சிறகு தலையில் விழுந்தது. பிறகு மணல் காலைவிட்டு நழுவ, பறந்தே விட்டார்! ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அலையில்லாத களப்புத் தண்ணீர், காலுக்குக் கீழே பனந்தலைகள். வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேல் பொறாமைப்படாமல் இருக்க முடியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? அக்காவின் வளவுக்கு மேலே கூரையை உரசுமாப்போலப் பதிவாக வந்து எஞ்சினை முடுக்கினார். கிணற்றடியில் நின்ற அக்கா வாளியைப் போட்டுவிட்டு மண்ணில் குப்புற விழுந்தார். பக்கத்து வளவு ஸ்ரெல்லாவும் விழுந்தார். அருளப்புவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கும்பிடுகினம்! விழுந்தே கும்பிடுகினம்! இன்னொரு சுற்றுச் சுற்றினார். அதற்குப் பிறகும் ஒன்று. அக்கா எழும்பவேயில்லை, பக்தி அப்படி.

இறங்கிய கையோடு, உடம்பு மணலைக்கூடத் தட்டாமல் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"எப்பிடியக்கா? விழுந்தெல்லோ கும்பிட்டனீ!"

மார்கிறட்டின் நெற்றியெல்லாம் மண்.

"கும்பிட்டனானோ? வண்டெண்டு நினைச்சு விழுந்தனானடா."

வண்டு என்பது சண்டைக்காலத்தில் வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர். அது தலைக்கு மேலே இரைந்து சுற்றினால் பின்னாலே குண்டு வரும். அந்த இரைச்சலுக்கு உடம்பு யோசிக்காது, தானாகவே விழும். கனடாவில் இருந்தவருக்கு அது செய்தியில் வந்த சங்கதி.

அருளப்புவின் முகம் கறுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்பார் என்றா நினைக்கிறீர்கள்? அவர் எந்த இனம் என்பதை மறந்துவிட்டீர்கள்.

"ஆனா... நல்லாப் பறந்தனான், என்ன?"

"ஓம்" என்றார் அக்கா. "வண்டும் நல்லாத்தான் பறந்தது."

நீங்கள் சிரிக்கலாம். உங்களிடம் பரா மோட்டார் இல்லை. ஆனால் நீங்கள் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் வீட்டில் பேச்சு அடங்குகிறதே, பிள்ளைகள் தலை குனிகிறார்களே, அதை மரியாதை என்றுதானே இத்தனை நாளும் எண்ணியிருக்கிறீர்கள்? ஒருநாள் இறங்கிவந்து, அவர்களையே கேட்டுப் பாருங்கள்.