உருப்படி 412

சிட்னியிலுள்ள மாண்புமிகு பல்கலைக்கழகம் ஒன்று தன் முதல் பெண் புதைபடிவ விரிவுரையாளரைக் கௌரவிப்பதென்று தீர்மானித்தது. அந்த ஆண்டு எல்லாப் பல்கலைக்கழகங்களும் எதிலாவது ஒரு முதல் பெண்ணைக் கண்டுபிடித்துக் கௌரவித்துவிட்டன. இவர்களிடம் மட்டும் ஆள் இல்லை என்று பேச்சு அடிபட்டது. அவசரமாகத் தேடியதில் ஹோம்புஷ் புறநகர் அடுக்குமாடி ஒன்றில் அன்னமலர் அகப்பட்டார்.

அன்னமலருக்கு எண்பத்திரண்டு வயது. மன்னாரில் பிறந்தவர், கல்லாகிப்போன சிப்பிகள் என்றால் பைத்தியம். 1974இல் ஆறு மாதத் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தார். அந்த ஒப்பந்தத்தை ஐம்பத்தேழு முறை நீட்டித்தார்கள். அவர் கண்டெடுத்த ஓர் அபூர்வச் சிப்பிக்கு அன்றைய பேராசிரியர் தன் பெயரைச் சூட்டிக்கொண்டு, அன்னமலருக்கு அடிக்குறிப்பில் நன்றி சொன்னார். அதைத் தட்டச்சு செய்ததும் அன்னமலர்தான்.

செய்தி கொண்டுவந்தவர் பாரம்பரியப் பிரிவு மேலாளர் விவேக், சென்னைக்காரர்.

"பதக்கம் கையில வந்த மாதிரிதான், ஆன்ட்டி. ஒரு சின்னச் சிக்கல். பணியாளர் பட்டியல்ல உங்க பேர் இல்லை."

"இருபத்தொன்பது வருசம் படிப்பிச்சனான், தம்பி!"

"ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்கீங்க. தற்காலிக ஆட்களை அப்போ லேப் சாமான்களோட எழுதியிருக்காங்க. சாக்பீஸ் 411. நீங்க 412."

"அப்ப பதக்கம்?"

"உருப்படிக்குப் பதக்கம் கொடுக்க விதியில்லை. ஆனா ஐம்பது வருஷம் தாண்டிட்டா அது பாரம்பரியப் பொருள். பல்கலைக்கழக அருங்காட்சியகத்துல காட்சிக்கு வைக்கலாம்!"

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த கணவர் டெஸ்மன்ட் எட்டிப் பார்த்தார். "கண்ணாடிப் பெட்டிக்குள்ளயோ?"

"கதவு திறந்துதான் இருக்கும், அங்கிள்."

அன்னமலருக்குக் கோபம் பொங்கியது. பிறகுதான் நினைவு வந்தது: அந்தச் சிப்பியும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. வேலை போன நாளில் நுழைவு அட்டையையும் பிடுங்கிவிட்டார்கள்; சிப்பியைப் பார்த்து இருபது வருடத்துக்கு மேலாகிறது.

"வாறன்" என்றார்.

பெட்டிக்குள் உட்கார ஒரு கதிரை போட்டிருந்தார்கள். வெளியே அட்டை: 'பெண். தெற்காசியா. நிலை: ஓரளவு நல்லது. தொடாதீர்கள்.' பக்கத்துப் பெட்டியில் சிப்பி.

முதல் நாள் நாலு மாணவர்கள் நின்றார்கள். கொட்டும் மழையில், கல்லுடைக்கும் குழிக்குள் முழங்காலிட்டு அந்தச் சிப்பியைத் தோண்டியெடுத்த கதையை அன்னமலர் சொன்னார். மூன்றாம் நாள் படிக்கட்டு வரை உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். இந்நாள் பேராசிரியரின் விரிவுரை மண்டபம் காலியானது. அவர் முறையிட்டார். ஒப்பந்தமின்றிக் கற்பித்தல் பாரதூரமான குற்றமென்று கண்ட மேலிடம், உருப்படியை உடனே அகற்றும்படி உத்தரவிட்டது.

விவேக் வியர்த்துக்கொண்டு ஓடிவந்தார். "உங்களை எடுக்க முடியாது, ஆன்ட்டி! பாரம்பரியப் பொருளை அசைக்கணும்னா அமைச்சரே கையெழுத்துப் போடணும்."

"அப்ப நான் நிரந்தரமோ?"

"இங்க நீங்க மட்டும்தான் நிரந்தரம்."

அன்னமலருக்குக் கண் கலங்கியது. எழுந்து போய்ச் சிப்பியின் அட்டையிலிருந்த பழைய பேராசிரியர் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினார். உருப்படிமீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க விதியில்லாததால் மேலிடம் அதைக் காணாததுபோல் இருந்துவிட்டது.

மறுநாள் காலை அருங்காட்சியக வாசலில் இருநூறு தற்காலிக விரிவுரையாளர்கள், தங்களையும் காட்சிக்கு வைக்கும்படி விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார்கள். தேர்வுக்குழுத் தலைவராக நிரந்தரப் பணியிலுள்ளவர் மட்டுமே இருக்கலாம் என்பது விதி. ஆகவே அன்னமலரை நியமித்தார்கள்.

வரிசையின் முதல் ஆளாக விவேக் நின்றார். "என் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோட முடியுது, ஆன்ட்டி. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

அன்னமலர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை மெதுவாக வாசித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த முன் அனுபவம் ஏதும் இருக்கோ, தம்பி?"