அத்தானின் நாற்பத்தைந்தும் என் வாசலும்

மகா கனம் பொருந்திய அத்தான் லெஸ்டர் அவர்களுக்கு, மைத்துனன் ஆர்வில் டீக் மிகுந்த மரியாதையோடும் வலது தோளில் கட்டோடும் எழுதிக்கொண்டது. அங்கே நீங்களும் வில்மா அக்காவும் சுகமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக. ஈஸ்டருக்கு வந்தபோது நீங்கள் என்னிடம் விட்டுப்போன நாற்பத்தைந்தாம் அளவுத் துப்பாக்கியும் சுகம். அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. சேதாரம் எல்லாம் எனக்குத்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்கள் பங்கு எவ்வளவு என்று உங்களுக்கே விளங்கும். எங்கள் சபையின் வாசலில் பத்தொன்பது வருஷமாக ஞாயிறுதோறும் ஆராதனைத் தாளைக் கொடுத்து, வருகிறவர் கையைக் குலுக்கி உள்ளே அனுப்புகிறவன் நான். என் வீட்டுக்காரி நடீன் கண்மூடிய பிறகு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் இன்னொரு மனுஷர் என் கையைத் தொடுவது. பிப்ரவரியில் பாஸ்டர் கைல் ஏதோ பாதுகாப்புக் கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். இனி வாசலில் நிற்பவர் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளும் லைசென்ஸுக்கான சுடும் தேர்வில் தேற வேண்டும், ஜூன் முதல் ஞாயிறுக்குள் தேறிய தாளைக் காட்டாதவர் வாசலைக் காலி செய்ய வேண்டியது என்று அறிவித்தார். விருந்தாளியை வரவேற்கிறவனுக்கு, அவசியப்பட்டால் அவரைச் சுடவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது புதிய உபதேசம். சபை முழுவதும் ஆமென் சொன்னது. என் வாசல்மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருக்கும் ஹோமர் ப்ரூயிட் மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

பயிற்சி கொடுப்பவர் டார்லீன் கின்டானா, ஷெரிஃப் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். என் விரல் முட்டுகளைப் பார்த்தவுடனே இருபத்திரண்டு எடுங்கள், அது சின்னக் குண்டு, கைக்கு வலிக்காது, தேறிவிட்டு வீட்டுக்குப் போய் பீன்ஸ் வேகவைக்கலாம் என்றார். கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் நியூ மெக்ஸிகோவில்தான் அந்த வேண்டாத சட்டம் இருக்கிறதே. எந்த அளவுத் துப்பாக்கியால் சுட்டுத் தேறுகிறோமோ அந்த எண் லைசென்ஸ் அட்டையில் ஏறிவிடும், அதற்கு மேல் அளவுள்ளதைத் தொடக் கூடாது. காலையில் பர்ரிட்டோக் கடையில் கிழவர்கள் எல்லாரும் அட்டையை மேசையில் போட்டு எண்ணைக் காட்டிக்கொள்கிறார்கள். ஹோமரின் அட்டையில் நாற்பத்தைந்து. டார்லீன் சொன்னது அவன் காதுக்கு எப்படிப் போனதோ, எல்லாரும் இருக்கும்போது, "இருபத்திரண்டா? சரி, சபைக்குள்ள முயல் பூந்துச்சுன்னா உனக்குச் சொல்லி அனுப்புறோம்" என்றான். வாயில் இருந்த பச்சை மிளகாய் புரையேறிவிட்டது.

நேரே துப்பாக்கிக் கடைக்குப் போனேன். முதலில் காட்டியதன் மேல்மூடியைப் பின்னால் இழுக்க முடியவில்லை. கடைப்பெண் ஒற்றை விரலால் இழுத்துக் காட்டி என் மானத்தை வாங்கினாள். அடுத்ததன் விசையை அழுத்த இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூன்றாவது என் கைக்கென்றே செய்ததுபோல உட்கார்ந்தது, அத்தான், பொய் சொல்லவில்லை, ஆனால் கத்தரிப்பூ நிறம். வெளியே ஹோமரின் வண்டி போவது தெரிந்ததும் கீழே வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் ஈஸ்டருக்கு வந்தீர்கள். பன்றித்தொடையை அறுத்துக்கொண்டே, "எங்கிட்ட இருக்கிற நாப்பத்தஞ்ச வச்சுச் சுடு மாப்ளே, அது அட்டையில ஏறிட்டா கீழ உள்ளதெல்லாம் உனக்கு இனாம்" என்றீர்கள். அக்கா வேண்டாம் என்றாள். அக்கா பேச்சை நாம் எந்தக் காலத்தில் கேட்டோம்.

போன சனிக்கிழமை தேர்வு. இருபத்தைந்து குண்டில் பதினெட்டு பட வேண்டும். காது மெஷினைக் கழற்றிவிட்டு அடைப்பானை மாட்டிக்கொண்டதால் டார்லீன் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. முதல் குண்டுக்கே உங்கள் நாற்பத்தைந்து கோவேறு கழுதை மாதிரி உதைத்தது, தொப்பி பின்னால் பறந்தது. நாலாவது குண்டின் வெற்றுக்கூடு கொதிக்கக் கொதிக்க என் சட்டைக் கழுத்துக்குள் விழுந்து வயிறு வரை இறங்கியது. துப்பாக்கியை எதிர்ப்பக்கமே நீட்டிப் பிடித்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் ஆடினேன் என்பதையாவது நீங்கள் பாராட்ட வேண்டும். மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டேனா திறந்துகொண்டு சுட்டேனா என்று இன்றுவரை ஞாபகமில்லை. என் தாளில் பதினோரு ஓட்டை. பக்கத்துத் தடத்தில் லியோட்டா பாக்கா, எழுபத்தாறு வயது, எங்கள் சபையில் பியானோ வாசிப்பவர், பின்னல் பையிலிருந்து எடுத்த இருபத்திரண்டால் சுட்டவர். அவர் தாளை டார்லீன் மூன்று தடவை எண்ணினார்.

"அம்மா, உங்களுக்குக் குடுத்தது இருபத்தஞ்சு குண்டு. தாள்ல இருபத்தெட்டு ஓட்டை. அதுல மூணு மட்டும் பெருசா இருக்கு."

லியோட்டா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "விடுங்க, அவர் எப்பவும் தாராளமா கொடுக்கிறவர்தான்" என்றார்.

மறுபடி சுடத் தன் துப்பாக்கியைத் தருவதாகவும் சொன்னார். மறுத்துவிட்டேன். ராத்திரியெல்லாம் யோசித்தேன், அத்தான். பத்தொன்பது வருஷத்தில் அந்த வாசலில் நான் சமாளித்த பெரிய ஆபத்து ஓர் ஆடு. கும்பிட வருகிற ஜனங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு ஒரு வாசல், அதற்கு ஒரு லைசென்ஸ், அந்த லைசென்ஸில் யாருக்குப் பெரிய எண் என்று ஒரு போட்டி. எனக்கு வெறுத்துவிட்டது. இனி எந்தத் துப்பாக்கியையும் தொடுவதில்லை. வாசலை ஹோமரே வைத்துக்கொள்ளட்டும், நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று பாஸ்டருக்கு எழுதி உறையில் போட்டுவிட்டேன். ஆகையால் நேரில் வந்து உங்கள் சாமானை எடுத்துப்போகவும். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
துப்பாக்கியைத் துறந்த மைத்துனன்,
ஆர்வில்

பின்குறிப்பு: பாஸ்டருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நேற்று லியோட்டாவின் இருபத்திரண்டால் சுட்டேன், இருபத்துநாலு பட்டது. ஹோமர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று இன்று காலை முதல் வேலையாக லைசென்ஸ் விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டு, தேறிய தாளைப் பாஸ்டரிடம் காட்டினேன். முதுகில் தட்டி வாசல் உங்களுக்குத்தான் என்றார். பிறகு புது விதிகளை வாசித்தார். ஆயுதத்தோடு நிற்பவரின் வலது கை எப்போதும் காலியாக இருக்க வேண்டுமாம், தாள் கொடுக்கக் கூடாதாம், யார் கையையும் குலுக்கக் கூடாதாம். அதற்குத் தனியாக ஆள் தேடுகிறார்கள். "லைசென்ஸ் இல்லாத ஆளாப் பாக்குறோம், ஆர்வில். கை குடுக்கும்போது ஜனங்க பயப்படக் கூடாது பாருங்க" என்றார். இன்னும் யாரும் கிடைக்கவில்லையாம். அத்தான், போட்ட விண்ணப்பத்தை வேண்டாம் என்று திரும்ப வாங்க எங்கே போய் நிற்க வேண்டும் என்று விசாரித்துச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.